புது ஹாரிஸ் பருந்து: பெட்டி திறப்பதிலிருந்து முதல் முயல் வரை

விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்தில் பல வருடம் புறா விரட்டிய ரூஃபஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2012இல் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே அதை நிறுத்தியிருந்த காரிலிருந்து யாரோ திருடிப் போனார்கள். சில நாளில் கிடைத்துவிட்டது. ரூஃபஸ் ஒரு ஹாரிஸ் பருந்து. பிரிட்டனில் பருந்தைப் பழக்கி அதைக் கொண்டு வேட்டையாடக் கற்க வருகிற பெரும்பாலோர் கையில் முதலில் உட்காருவதும் இந்த இனம்தான். அப்படிப் புதிதாக ஒன்றை வாங்கி வருபவருக்காக, பிரிட்டன் நிலவரத்தை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு ஊரில் வல்லூறு பிடிக்கக் கிளம்பிவிட வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வேட்டைப் பறவையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அமெரிக்காவில் எழுத்துத் தேர்வு எழுதி, ஒரு மூத்தவரின் கீழ் குறைந்தது இரண்டு வருடம் பயிற்சி எடுத்தாக வேண்டும். பிரிட்டனில் கூண்டில் பொரித்த ஹாரிஸ் பருந்தை வைத்திருக்க உரிமமே தேவையில்லை. அதனால்தான் தயாரில்லாதவர்கள் கையிலும் அது போய்ச் சேர்கிறது.

இதன் சொந்த நிலம் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலையில் தொடங்கிச் சிலி, அர்ஜென்டினா வரை நீள்கிறது. வேட்டைப் பறவைகளில் அபூர்வமான ஒரு வழக்கம் இதற்கு உண்டு: கூட்டமாக வாழும், கூட்டமாக வேட்டையாடும். அரிசோனாவின் சகுவாரோ கள்ளி உச்சியில் ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறி நிற்பதுகூட உண்டு. வளர்ப்பவருக்கு இது பெரிய வரம். தனியாகவே திரியும் கோஷாக் என்ற வேட்டைப் பறவை உங்களைச் சகித்துக்கொள்ளும். ஹாரிஸ் உங்களைத் தன் கூட்டத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளும். தொல்லையும் அதே குணத்திலிருந்துதான் வருகிறது. உங்களைத் தாய் என்று நினைத்தால் நாள் முழுக்கச் சாப்பாடு கேட்டுக் கத்தும். போட்டிக்கு வந்த உடன்பிறப்பு என்று நினைத்தால் கையையும் முகத்தையும் நகத்தால் பிடிக்கும். உங்களை அது எந்த இடத்தில் வைக்கப்போகிறது என்பது முதல் ஆறு வாரத்தில் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. பசித்தால் கூப்பிட்டதும் வரும் என்று எடையைச் சரசரவென்று இறக்கிப் பத்தே நாளில் பறக்கவிட்டேன் என்று பெருமைப்படுகிறவர்களின் பறவைகளே, நான் பார்த்த வரையில், பின்னால் அதிகம் கத்துகின்றன.

வாங்கும் இடத்திலேயே பாதி வேலை

குஞ்சுகள் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் பொரிக்கும். ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை வாங்குவது நல்லது. குஞ்சு பொரிக்கவைத்து விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: தாய் தகப்பனோடு எத்தனை வாரம் இருந்தது? பதினான்கு வாரத்துக்குக் குறைவு என்றால் யோசியுங்கள். பதினாறு என்றால் நிம்மதி. மனிதர் கையால் ஊட்டி வளர்ந்த குஞ்சு பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் அதற்கு மனிதரிடம் பயம் கிடையாது. பயமில்லாத பறவை கோபப்படும்போது எங்கே நிறுத்துவது என்று அதற்கே தெரியாது. முதல் பறவையாக அப்படி ஒன்றை எடுக்கவே எடுக்காதீர்கள்.

காலில் இடைவெளியில்லாத முழு வளையம் இருக்கிறதா பாருங்கள். குஞ்சாக இருக்கும்போது மட்டுமே மாட்ட முடிகிற வளையம் அது. கூண்டில் பொரித்தது என்பதற்கு அடையாளம். கோஷாக், பெரெக்ரின் வல்லூறு போன்றவற்றுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். ஹாரிஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. இதுவரை என்ன தின்றது, இன்றைய எடை என்ன என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆணா பெண்ணா என்பதும் முக்கியம். ஆண் சுமார் 550 முதல் 700 கிராம், பெண் 850 முதல் 1,100 கிராம் வரை. புதியவருக்கு நான் பெண்ணைத்தான் சொல்வேன். முயலைத் தனியாக அமுக்கிப் பிடிக்கும் வலு அதற்கு உண்டு என்பது ஒரு காரணம். எடைக் கணக்கில் இருபது கிராம் தப்பினாலும் பெண் தாங்கிக்கொள்ளும், சின்ன ஆணுக்கு அதுவே ஆபத்தாகிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பெட்டி வருவதற்கு முன்

பறவை வந்த பிறகு கடைக்கு ஓடக் கூடாது. தங்குமிடம் காற்றோட்டமாக, மழையும் உறைபனியும் படாமல், நரியும் பூனையும் நுழைய முடியாமல் இருக்க வேண்டும். உட்காரும் தாங்கிகளில் செயற்கைப் புல்விரிப்பு சுற்றுங்கள். வழவழப்பான ஒரே பரப்பில் நாள்கணக்கில் நின்றால் பாதத்தில் புண் வந்து சீழ் பிடிக்கும். பம்பிள்ஃபுட் என்பார்கள், லேசில் ஆறாது. பகலில் புல்தரையில் வைக்க வில்போல் வளைந்த ஒரு தாங்கியும், ஓர் அகலமான குளியல் தொட்டியும் வேண்டும். புல்தரையில் கட்டிவிட்டுக் கடைக்குப் போய் வரலாம் என்று நினைக்காதீர்கள். கட்டிய பறவைக்கு நரியிடமிருந்தும் நாயிடமிருந்தும் தப்பிக்க வழியே கிடையாது.

காலில் இரண்டு தோல் காப்புகள், அவற்றில் கோத்துக்கொள்ளும் ஜெஸ் என்ற தோல்வார்கள், வார்கள் முறுக்கிக்கொள்ளாமலிருக்க ஸ்விவல் என்ற சுழலும் இணைப்பு, அதிலிருந்து தாங்கியில் கட்டும் லீஷ் கயிறு. ஜெஸ்ஸில் இரண்டு வகை உண்டு. தாங்கியில் கட்டி வைக்கும் வாரின் நுனியில் ஸ்விவல் மாட்ட ஒரு கீறல் இருக்கும். பறக்கவிடும் வாரில் கீறலே இருக்கக் கூடாது. கீறல் உள்ள வாரோடு பறந்து போன பறவைக்கு அந்தக் கீறல் ஒரு சுள்ளியில் மாட்டினால் போதும், தலைகீழாகத் தொங்கிச் செத்துப்போகும். இரண்டையும் வேறு வேறு நிறத்தில் வாங்கிவிட்டால் குழப்பம் வராது.

கிராம் கணக்கில் காட்டும் தராசு, நல்ல கையுறை, கால் மணிகள் (லாகூர் மணிக்கு இன்றும் தனி மதிப்பு), பறவை எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு டிரான்ஸ்மிட்டர். ஜிபிஎஸ் டிரான்ஸ்மிட்டர் பறவையைவிட விலை அதிகமாக இருக்கலாம். அது வாங்கப் பணமில்லை என்றால் பறவையைப் பிறகு வாங்குங்கள். நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பருந்து இடக்கையில் இருக்கும். வலக்கை ஒன்றாலேயே லீஷைக் கட்டி அவிழ்க்க வேண்டும். அந்த முடிச்சை நாற்காலிக் காலில் கட்டிக் கட்டிப் பழகுங்கள், இருட்டிலும் வருகிற அளவுக்கு. (கசாக் கழுகு வேட்டைக்காரர்கள் வலக்கையில் ஏந்துவார்கள். நீங்கள் எந்தக் கையில் தொடங்கினாலும் பிறகு மாற்றாதீர்கள்.)

உறைபெட்டியில் ஒருநாள் கோழிக்குஞ்சுகளும் காடையும் நிரப்பி வையுங்கள். குஞ்சு ஒன்று சுமார் 35 முதல் 40 கிராம். வேலை செய்யாத பெண் பறவை நாளைக்கு மூன்று நான்கு தின்னும். கோழிக்குஞ்சு மட்டுமே போதாது. காடை, எலி, முயல் என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். துப்பாக்கியால் சுட்ட இறைச்சி வேண்டவே வேண்டாம். ஈயத் துணுக்கு ஒன்று வயிற்றில் போனால் முடிந்தது கதை. புதிதாகக் கொன்ற புறாவும் வேண்டாம், வாயிலும் தொண்டையிலும் வருகிற ஃபிரவுன்ஸ் நோய் அதிலிருந்து தொற்றும். வேட்டைப் பறவைகளைப் பார்த்துப் பழகிய ஒரு கால்நடை மருத்துவரின் எண்ணையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நாய் பூனை பார்க்கும் எல்லா மருத்துவருக்கும் பருந்து தெரியாது.

முதல் நாள்

அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் பின்பக்கமிருந்து ஒரு துண்டால் இறக்கைகளை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, நீங்கள் காப்பு, ஜெஸ், ஸ்விவல் எல்லாம் மாட்ட வேண்டும். தலையையும் துண்டு மூடியிருந்தால் பறவை அடங்கிக் கிடக்கும். நெஞ்சை அழுத்திப் பிடிக்கக் கூடாது, மூச்சு முட்டிவிடும். இந்த வேலையைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். அப்படியே எடையும் பார்த்து, நெஞ்செலும்பின் இரு பக்கமும் விரல் வைத்துச் சதையின் திரட்சியைத் தடவிப் பாருங்கள். இன்று விரல் உணர்வது நாளைக்கு ஒப்பிட உதவும்.

துண்டை எடுத்துக் கையுறையில் நிறுத்தியதும் பாய்ந்து தலைகீழாகத் தொங்கும். எல்லாப் பறவையும் செய்வதுதான், பதறாதீர்கள். வலக்கையை மெல்ல அதன் முதுகுக்கோ நெஞ்சுக்கோ கொடுத்துத் தூக்கி மறுபடி நிறுத்துங்கள். கையுறைக் கையை ஆட்டி மேலே எற்றிவிடுவது தவறு. பாயும்போது அதோடு சேர்ந்து கையும் கொஞ்சம் போகட்டும். கல்தூண் மாதிரி விறைப்பாக நின்றால் தொடை மூட்டில் அடி விழும்.

அன்று மாலை மங்கிய வெளிச்சத்தில், வீட்டுக்குள்ளே, கையுறையில் வைத்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். நேருக்கு நேர் உற்றுப் பார்க்காதீர்கள்; வேட்டைக்காரன் பார்வை அதற்குத் தெரியும். கையுறையில் ஒரு துண்டு இறைச்சியை விரலிடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தின்னாது. பரவாயில்லை. கொழுத்த எடையோடு வந்த பறவை இரண்டு மூன்று நாள் கையில் தின்ன மறுப்பது சகஜம். எச்சம் பச்சையாகிறதா, எடை எவ்வளவு இறங்குகிறது என்று மட்டும் கவனமாக இருங்கள். நல்ல எச்சம் வெள்ளையும் நடுவில் கறுப்புமாக இருக்கும்; பச்சை என்றால் வயிறு காலி, அல்லது நோய்.

கையில் முதல் வாய்

குனிந்து, கையுறையில் இருப்பதைக் கொத்தித் தின்னும் அந்த நொடி முக்கியம். தலையைக் குனிப்பது என்றால் சுற்றியுள்ள ஆபத்திலிருந்து கண்ணை எடுப்பது. உங்களை நம்பிக் கண்ணை எடுத்துவிட்டது என்று அர்த்தம். இறைச்சியைக் கால் விரல்மேல் லேசாகப் பட வைத்தால் கீழே பார்க்கும். பார்த்தால் பெரும்பாலும் கொத்தும்.

அதன் பிறகு அன்றாடச் சாப்பாடு முழுக்கக் கையுறையில்தான். வெறும் கையால் ஊட்டாதீர்கள், பையிலிருந்து இறைச்சி எடுப்பதைப் பார்க்கவும் விடாதீர்கள். வலக்கையிலிருந்து சாப்பாடு வருகிறது என்று தெரிந்துகொண்ட பறவை வலக்கையையே பிடிக்கத் தொடங்கும். அந்த நகம் எலும்புவரை போகும். பறவையின் பார்வை வேறு பக்கம் இருக்கும்போது இறைச்சியைக் கையுறைக்குள் மாற்றிவிட வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் பின்னால் வரும் பாதிச் சண்டை இதில் தவிர்ந்துவிடும்.

மனிதரும் நாயும் சைக்கிளும்

கையில் தின்னத் தொடங்கியதும் அதை உலகத்துக்குப் பழக்க வேண்டும். முதலில் அமைதியான அறை, அப்புறம் தோட்டம், அப்புறம் ஆள் நடமாட்டமுள்ள தெரு. தினமும் ஒரே நீளமான நேரத்தைவிட, காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்வது பறவைக்கு ஏற்றது. கையில் ஒரு கோழிக்காலோ முயல் எலும்போ கொடுத்தால் கொறித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்துப் பழகும்.

எப்போது அடுத்த படிக்குப் போகலாம் என்பதைத் தேதி பார்த்து முடிவு செய்யாதீர்கள். உடம்பைச் சிலிர்த்து இறகு முழுக்க உதறுகிறதா, ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொள்கிறதா, உங்கள் கையில் நின்று இறகு கோதுகிறதா என்று பாருங்கள். இவை நிம்மதியின் அடையாளங்கள். இறகுகளை உடம்போடு இறுக்கி ஒல்லியாக நிற்பது, அலகைத் திறந்து மூச்சு வாங்குவது, இறக்கையைப் பாதி விரித்து நிற்பது எல்லாம் பயம். அப்போது ஒரு படி இறங்கிவிடுங்கள்.

நாயை முதல் வாரத்திலேயே காட்டுங்கள். பாலைவனத்தில் கொயோட் என்ற சின்ன ஓநாயோடு பகை கொண்ட இனம் இது. நாயைக் கண்டால் உள்ளுக்குள் ஏதோ துள்ளும். முதலில் தூரத்தில், படுத்த நிலையில், அதுவும் சாப்பாடு கையில் இருக்கும்போது. தாமதமாக அறிமுகமான நாயைச் சில பறவைகள் ஆயுளுக்கும் ஏற்பதில்லை.

எடை என்ற விவகாரம்

தினமும் ஒரே நேரத்தில், முந்தைய நாள் தின்றதன் உரோமத்தையும் இறகையும் உருண்டையாகக் கக்கிய பிறகு, புதுச் சாப்பாட்டுக்கு முன் எடை பாருங்கள். உருண்டை கக்காத பறவைக்குச் சாப்பாடு போடாதீர்கள். ஒரு நோட்டில் எடை, கொடுத்த கிராம், வெளியே குளிர் எவ்வளவு, பறவை எப்படி நடந்துகொண்டது என்று எழுதி வாருங்கள். நாலாவது பத்தியைத்தான் பலர் எழுதுவதில்லை. அதுவே பின்னால் உங்களுக்கு அதிகம் தேவைப்படும்.

வந்த அன்று பெண் பறவை 1,020 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இது கொழுத்த எடை. அதில் பத்து சதவீதத்தை ஒட்டிக் குறைந்த இடத்தில், அதாவது 920க்குப் பக்கத்தில், கூப்பிட்டால் வர ஆர்வம் காட்டலாம். சில பறவை 960லேயே வரும். அடுத்த வீட்டுக்காரர் பறவை என்ன எடையில் பறக்கிறது என்பது உங்களுக்கு எதற்கும் உதவாது. நாளைக்குப் பத்து, பதினைந்து கிராமுக்கு மேல் இறங்க விடாதீர்கள். ஆண் என்றால் இன்னும் நிதானம்.

கூப்பிட்டால் வரவில்லை என்றால் உடனே தராசைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைக்கும் பழக்கம் இருக்கிறதே, அது இந்தக் கலையின் மிகப் பழைய வியாதி. வராததற்குக் காரணம் பசியின்மையாக இருக்கலாம்; பயமாகவும் இருக்கலாம். பின்னால் காற்று அடிக்கலாம், நீங்கள் புதுத் தொப்பி போட்டிருக்கலாம், வானத்தில் காட்டுப் பருந்து வட்டமிடலாம். பயந்த பறவையின் எடையைக் குறைத்தால் பயமும் பசியும் சேர்ந்த பறவைதான் கிடைக்கும். கத்தலும் ஆக்ரோஷமும் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். அதனால் என் வரிசை இப்படி: முதலில் சுற்றுப்புறத்தைச் சரிசெய், அடுத்துப் பாடத்தை எளிதாக்கு, கடைசியாகத்தான் எடையைத் தொடு.

குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரவு வெப்பம் பன்னிரண்டு டிகிரியிலிருந்து இரண்டுக்கு இறங்கினால், நேற்றுக் கொடுத்த அதே சாப்பாட்டில் இன்று எடை கூடுதலாகக் கரையும். வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு போடுங்கள். இறக்கிய எடையில் குளிரில் விட்ட ஹாரிஸுக்கு வலிப்பு வரலாம்: உடல் நடுங்கும், விரல்கள் இறுகி மடங்கும், தலை திரும்பும். ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். கதகதப்பான இடத்துக்குக் கொண்டுபோய் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நிலை இது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாளைக்குப் பறவை இருக்காது.

இன்னொன்று, பயிற்சியில் தசை கூடக் கூட அதே பசிக்கு எடை ஏறும். மூன்றாவது வாரத்தில் 920இல் பறந்தது டிசம்பரில் 960இல் அதைவிட நன்றாகப் பறக்கலாம். நல்ல பறவை கிடைத்தபின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போய் எங்கே ஆர்வம் குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் திறமை. இறக்குவதற்குத் திறமை ஒன்றும் வேண்டாம்.

ஓர் அடியிலிருந்து ஐம்பது மீட்டர்

தாங்கியில் நிற்கும் பறவைக்கு முன்னால் கையுறையில் இறைச்சியோடு நில்லுங்கள். முதல் நாள் ஒரு கால் எடுத்து வைத்தால் போதும். அடுத்து ஒரு சின்னத் தாவல், அப்புறம் லீஷ் நீளம். விசில் அடித்துவிட்டுக் கையுறையை உயர்த்துங்கள். வந்தால் ஒரு வாய். ஒவ்வொரு முறையும் விசிலும் கையுறையும் சேர்ந்தே வர வேண்டும். கை வெறுமையாக இருக்கும்போது விளையாட்டுக்குக்கூட விசில் அடிக்காதீர்கள்.

வீட்டுக்குள் இரண்டு மீட்டர் யோசிக்காமல் வருகிறது என்றால் வெளியே போகலாம். இப்போது கிரியான்ஸ் என்ற நீளக் கயிறு வேண்டும்: மெல்லிய, உறுதியான, முறுக்கேறாத நைலான், ஐம்பது மீட்டர். ஒரு நுனி ஸ்விவலில், மறு நுனி ஒரு கட்டையில். முள்ளும் வேலியும் இல்லாத, புல் வெட்டிய, ஈரமில்லாத தரை பாருங்கள். ஈரப் புல்லில் கயிறு இழுத்துப் பறவையைப் பின்னுக்கு வாங்கும். நடுவானில் இழுபட்ட பறவை உங்களைத்தான் குற்றம் சொல்லும். தாண்டிப் பறந்து போனால் வெடுக்கென்று நிறுத்தாமல், கையுறைக் கைக்குள் கயிற்றை ஓடவிட்டு மெல்ல மெல்லப் பிடியுங்கள்.

எதிர்காற்றில் கூப்பிடுங்கள். அதாவது காற்று உங்கள் முதுகிலிருந்து பறவையின் முகத்துக்கு அடிக்க வேண்டும். ஐந்து மீட்டர், பத்து, இருபது, முப்பது. கையுறை உயர்ந்த இரண்டு மூன்று நொடிக்குள் கிளம்பினால் தூரத்தைக் கூட்டுங்கள். தலையைச் சாய்த்து யோசித்து, இறகை உதறி, அப்புறம் வந்தால் அது வந்ததாகக் கணக்கில்லை. ஓர் அமர்வில் ஐந்தாறு தடவை போதும். இன்னும் வேண்டும் என்று அது இருக்கும்போதே, கடைசியில் ஒரு பெரிய துண்டு கொடுத்து முடித்துவிடுங்கள்.

இதே நாட்களில் லூரையும் பழக்குங்கள். தோலாலான ஒரு பொய் முயல். கயிற்றில் இழுத்துச் செல்லலாம். லூர்மேல் இருக்கும் சாப்பாடு எப்போதும் வழக்கமான துண்டைவிடப் பெரியதாக இருக்கட்டும். பறவை தொலையும் நாளில் உங்களுக்கு இருக்கும் கடைசி அழைப்பு அது. அவசரத்துக்கு என்று வைத்திருப்பதைத் தினமும் செலவழிக்காதீர்கள்.

கயிற்றை அவிழ்க்கும் நாள்

வாங்கி மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் இந்த நாள் பொதுவாக வரும். ஐம்பது மீட்டரை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தயங்காமல் வந்தால் போதும். எல்லோருக்கும் கை நடுங்கும். நடுங்காதவர் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்ய மறந்திருப்பார்.

நேற்றுப் பறந்த அதே புல்வெளி, அதே எடை, அதே நேரம். காற்று அதிகமுள்ள நாளில் வேண்டாம், சாயங்காலமும் வேண்டாம். பறவை மரத்தில் உட்கார்ந்துவிட்டால் தேட உங்களுக்கு வெளிச்சம் மிச்சமிருக்க வேண்டும். கீறல் ஜெஸ்ஸைக் கழற்றிப் பறக்கும் ஜெஸ் மாட்டியாயிற்றா, மணி இருக்கிறதா, சிக்னல் கைபேசியில் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு கயிறு இருப்பது போலவே இருபது மீட்டர் கூப்பிடுங்கள். முதல் நாள் அவ்வளவுதான். வீட்டுக்குப் போங்கள்.

சில நாள் கழித்து மரங்களுள்ள இடத்துக்கு வாருங்கள். பறவையைக் கிளையில் ஏற்றிவிட்டு நடக்கத் தொடங்குங்கள். கூட்டத்தோடு வேட்டையாடும் புத்தி இங்கே வேலை செய்யும்: நீங்கள் போனால் அதுவும் மரம் மரமாகப் பின்னால் வரும். கோஷாக் வைத்திருப்பவர்கள் பொறாமைப்படும் காட்சி. இப்போது ஓயாமல் கூப்பிடாதீர்கள். நூறு மீட்டருக்கு ஒருமுறை கையுறையைக் காட்டினால், இரை தேடுவதை விட்டுவிட்டு உங்கள் பையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வரவில்லையா? கத்தாதீர்கள், மரத்தைச் சுற்றி ஓடாதீர்கள். காற்று வரும் பக்கம் போய் நின்று, கொஞ்ச நேரம் முதுகைக் காட்டி நில்லுங்கள். பிறகு லூர். இருட்டிவிட்டால் எந்த மரம் என்று குறித்துக்கொண்டு, மறுநாள் பொழுது விடிவதற்கு முன்பே அதே மரத்தடிக்குப் போய்விடுங்கள். கிளம்பும் முன் அது உங்களைப் பார்க்க வேண்டும்.

முதல் முயல்

நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். முதல் வேட்டைக்கு முயல் அதிகமுள்ள, வளை தூரமாக உள்ள இடம் தேடுங்கள். ஜெயிக்கக்கூடிய வாய்ப்பாக இருக்கட்டும். தொடர்ந்து நாலு தடவை தோற்ற இளம் பறவை முயலைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

பிடித்துவிட்டால் ஓடிப்போய் மேலே விழாதீர்கள். பறவை இறக்கையை விரித்து இரையை மூடிக்கொள்ளும், திருடன் வருகிறான் என்று. மண்டியிட்டு, பக்கவாட்டில், மெல்லப் போங்கள். முயல் வேதனைப்படாமல் உடனே கொன்றுவிட வேண்டும். எப்படி என்பதை முன்பே அனுபவசாலியிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள், படித்துத் தெரிந்துகொள்ளும் காரியம் அல்ல. முதல் முயல் முழுக்கப் பறவைக்கே. தீவனப்பை புடைக்கத் தின்னட்டும். மறுநாள் எடை கூடியிருக்கும், பறக்காது, ஓய்வு கொடுங்கள்.

அடுத்தடுத்த வேட்டைகளில் இரையை மாற்றி எடுக்கப் பழக வேண்டும். கையுறையில் ஒரு நல்ல துண்டை அதன் முகத்தருகே காட்டுங்கள். அது கையுறைக்கு ஏறி வரும்போது மறு கையால் முயலை மூடி, அதன் பார்வையில் படாமல் பைக்குள் தள்ளுங்கள். பிடுங்கக் கூடாது. பிடுங்கியதை ஹாரிஸ் மறக்காது. அடுத்த முறை இரையோடு தூக்கிக்கொண்டு போகப் பார்க்கும், அல்லது உங்கள் முகத்துக்கு வரும்.

குளிர்காலம்

பிரிட்டனின் குளிர் இந்தப் பாலைப் பறவைக்கு அந்நியம். வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும் இரவுகளில் இறக்கை நுனி வீங்கி, ஈரமானது போல் தெரிந்து, குளிர்ந்து தொங்கலாம். விட்டால் நுனி இறகுகளே உதிர்ந்து போகலாம். பிறகு பறப்பது எங்கே? ஈர உடம்போடு இரவில் விடாதீர்கள். உறைபனி எச்சரிக்கை வந்தால் கட்டடத்துக்குள், தரையிலிருந்து உயரமான தாங்கியில் வையுங்கள். வீக்கத்தைக் கண்ட அன்றே மருத்துவர்.

கத்தல் தொடங்கியிருந்தால், முதலில் எடையை ஏற்றுங்கள். அடுத்து, சாப்பாட்டுக்கும் உங்கள் முகத்துக்கும் உள்ள தொடர்பை அறுங்கள்: பறக்காத நாட்களில் நீங்கள் கண்ணில் படாமல் குழாய் வழியாக இரை விழட்டும். கத்தும்போது போய்ப் பார்ப்பதுதான் கத்தலுக்கு நீங்கள் கொடுக்கும் கூலி.

பிப்ரவரி கடைசியில் வேட்டையை நிறுத்திவிட்டு, ஜெஸ்ஸைக் கழற்றி, பெரிய கூண்டில் கட்டின்றி விடுங்கள். தாராளமாக, விதவிதமாகப் போடுங்கள். மார்ச்சிலிருந்து கோடை முடியும்வரை ஒவ்வொன்றாக இறகு உதிர்ந்து, இளம் பருவத்தின் கோடு போட்ட நெஞ்சு போய், அடர்ந்த காப்பிக் கொட்டை நிறமும் செம்பழுப்புத் தோளும் வந்திருக்கும். செப்டம்பரில் மறுபடி தராசில் ஏற்றும்போது போன வருட நோட்டின் எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். அது இப்போது வளர்ந்த பறவை. பறக்கும் எடையைப் புதிதாகத் தேட வேண்டும். கையுறைக்கு வருவதை அது மறந்திருக்காது, முதல் சில நாள் கொஞ்சம் பிகு செய்யும், அவ்வளவுதான்.